தண்ணீர் பாட்டிலுக்கு ஓர் இடம் கொடுங்கள்!

செவ்வாய்க்கிழமை. காரிமங்கலத்தில் சந்தை நாள்.

காலையிலேயே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆடு, மாடு, தேங்காய், காய்கறி என்று சாலை நிறையக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி சைக்கிளில் வருகிறாள். முதுகிலே புத்தகப் பை. ஹேண்டிலில் ஒரு துணிப் பை தொங்குகிறது. அதற்குள் சோற்று டப்பா. டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

குறுக்கே ஓர் ஆடு பாய்கிறது. சிறுமி ஹேண்டிலைச் சட்டென்று திருப்புகிறாள். பை ஊஞ்சல் போல ஆடுகிறது. ஆடிய பை முன் சக்கரத்துக் கம்பியில் சிக்குகிறது. சக்கரம் நின்றுவிடுகிறது. சிறுமி கீழே விழுகிறாள்!

நல்ல வேளை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் பாட்டில் உருண்டு ஓடுகிறது. மூடி திறந்துகொள்கிறது. வீட்டிலிருந்து அம்மா நிரப்பிக் கொடுத்த தண்ணீர் முழுவதும் மண்ணிலே!

சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

"பார்த்து வரக் கூடாதா, கண்ணு?" என்கிறார் ஒரு பெரியவர்.

"ஆட்டை அவிழ்த்து விட்டவனைக் கேளுங்கள்" என்கிறார் மற்றொருவர்.

"ரோடு சரியில்லை" என்கிறார் மூன்றாமவர்.

பெண்ணையும் ஆட்டையும் ரோட்டையும் குறை சொல்கிறார்கள். அந்தத் துணிப் பையை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால், உண்மையான குற்றவாளி அதுதான்!

இப்படிப்பட்ட காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காரிமங்கலத்தில் இல்லாவிட்டால் பாலக்கோட்டில். அங்கே இல்லாவிட்டால் உங்கள் ஊரில்.

சைக்கிளில் மணிக்கு இடம் இருக்கிறது. பூட்டுக்கு இடம் இருக்கிறது. விளக்குக்கு இடம் இருக்கிறது. பழைய சைக்கிள்களில் காற்றடிக்கும் பம்புக்குக்கூட ஓர் இடம் உண்டு. உயிர் காக்கும் தண்ணீருக்கு மட்டும் இடம் இல்லை என்றால் அது நியாயமா?

அப்பன், பாட்டன் நாளில்

அந்தக் காலத்தில் தண்ணீரைக் கொண்டுபோக ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருந்தது.

காட்டு வேலைக்குப் போன உழவர் சுரைக்குடுவையில் தண்ணீர் எடுத்துப்போனார். ரயிலில் போன குடும்பம் கூஜாவில் தண்ணீர் கொண்டுபோயிற்று. கூழும் மோரும் தூக்குப்போசியில் போயின.

அவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. எந்தச் சுமையை எங்கே வைப்பது என்பதுதான் அது.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுகிறவரைப் பாருங்கள். பாரம் முன்னால் கூடிப்போனால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்னால் கூடிப்போனால் நுகம் மேலே தூக்கும். ஆகையால், அச்சுக்கு மேலே, நடுவிலே பாரத்தை நிறுத்துவார். இது எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்த பாடம் அல்ல. அனுபவம் சொல்லித்தந்த பாடம்.

வண்டிக்கு உள்ள அதே விதிதான் சைக்கிளுக்கும். அதை மறந்துவிட்டுத்தான், கைக்குக் கிடைத்த இடத்தில் பாட்டிலை மாட்டுகிறார்கள்.

வழியில் குடித்தால் என்ன?

"வழியில் குழாய் இல்லையா? டீக்கடை இல்லையா? எதற்காகத் தண்ணீரைச் சுமக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம்.

தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஏன்?

இந்த வட்டாரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். பாறையிலிருந்து கரைந்து தண்ணீரில் கலக்கிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது. நாக்கில் வைத்தாலும் தெரியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

அந்த அளவுக்கு மேலே உள்ள தண்ணீரைக் குழந்தைகள் ஆண்டுக் கணக்கில் குடித்தால், முளைக்கும் பல்லில் கறை விழும். அளவு மிகவும் அதிகமாகி, நீண்ட காலம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும்.

"காய்ச்சிக் குடித்தால் போகாதா?" என்று கேட்பார்கள். போகாது! காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு அப்படியே இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு சற்றுக் கூடவும் செய்யும்.

இந்தத் துன்பத்தைப் போக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2013-ல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர் வந்தது.

இத்தனை பாடுபட்டு வீட்டுக்கு வந்த தண்ணீர் அது. அதைப் பாட்டிலில் நிரப்பிப் பிள்ளையிடம் கொடுக்கிறாள் ஒரு தாய். அந்தப் பாட்டில் பாதி வழியில் விழுந்து உடைந்தால் என்ன ஆகும்? பிள்ளை தாகத்தோடு இருக்க வேண்டும். அல்லது வழியில் கிடைத்த ஏதாவது ஓர் ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டும்.

ஆகவே, பாட்டிலை எங்கே வைப்பது என்பது சின்ன விஷயம் அல்ல.

ஒரு லிட்டர், ஒரு கிலோ

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. இதை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டு லிட்டர் என்றால் இரண்டு கிலோ. பாட்டிலின் எடை தனி.

கடையில் இரண்டு கிலோ சர்க்கரை வாங்கிக் கையில் தொங்கவிட்டு நடந்து பாருங்கள். கை ஆடும். தோள் சாயும். அதையே ஹேண்டிலில் தொங்கவிட்டால்? ஹேண்டில் ஒரு பக்கமாக இழுக்கும். பள்ளத்தில் இறங்கினால் இன்னும் பலமாக இழுக்கும்.

தண்ணீருக்கு இன்னொரு குணமும் உண்டு. பாதி பாட்டில் தண்ணீர் சும்மா இருக்காது. உள்ளுக்குள்ளேயே மோதும். முன்னும் பின்னும் ஓடும்.

இப்போது சைக்கிளைப் பாருங்கள். அதில் திரும்பும் பாகம் ஒன்று. திரும்பாத பாகம் ஒன்று. ஹேண்டில் திரும்பும், நடுவில் உள்ள ஃபிரேம் திரும்பாது.

திரும்பும் பாகத்தில் சுமையை மாட்டாதே! திரும்பாத பாகத்தில் மாட்டு! மேலே வைக்காதே! கீழே வை! ஓரத்தில் வைக்காதே! நடுவில் வை!

இவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

ஒவ்வோர் இடமாகப் பார்ப்போம்

முதலாவது, ஹேண்டில். பையில் போட்டுத் தொங்கவிடுவது எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். காரிமங்கலம் சந்தையில் நடந்தது போலச் சக்கரத்தில் சிக்கும். பிரேக் கம்பியையும் அழுத்தும். அவசரத்துக்குப் பிரேக் பிடிக்கக் கை போனால், கைக்கும் பிரேக்குக்கும் நடுவே பையின் காது நிற்கும்!

இரண்டாவது, முன் கூடை. இது பரவாயில்லை. ஆனால் பாட்டிலைச் சும்மா போடக் கூடாது. கூடைக்குள் அது உருளும். வேகத்தடையில் ஏறும்போது துள்ளி வெளியே குதிக்கும். அதை எட்டிப் பிடிக்கப் போகிற பிள்ளை விழும். கூடையின் ஒரு மூலையில், சைக்கிளுக்கு அருகில் உள்ள பக்கமாக, நிமிர்த்தி வைத்துக் கட்ட வேண்டும். அரை லிட்டர் பாட்டில் என்றால் நல்லது.

மூன்றாவது, முதுகுப் பை. புத்தகத்தோடு தண்ணீரையும் சேர்த்துச் சுமப்பது. இங்கே ஒரு கணக்கு. பள்ளிப் பையின் எடை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசாங்கத்தின் 2020-ம் ஆண்டு பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. பிள்ளையின் எடை 35 கிலோ என்றால் பை மூன்றரை கிலோ. அதில் ஒரு கிலோவைத் தண்ணீரே எடுத்துக்கொண்டால் புத்தகத்துக்கு என்ன மிஞ்சும்? முதுகும் வேர்க்கும். தாகம் எடுத்தால் பையைக் கழற்றித்தான் குடிக்க வேண்டும். கழற்றச் சோம்பல்பட்டுக் குடிக்காமலே போவார்கள்.

நான்காவது, கேரியர். இரண்டு லிட்டர், ஐந்து லிட்டர் என்று கூடுதலாகக் கொண்டுபோக இதுதான் இடம். ஆனால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரே கயிறு போதாது. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால்தான் நிற்கும். கயிற்றின் நுனி தொங்கக் கூடாது. தொங்கினால் சக்கரம் இழுத்துக்கொள்ளும். பின்னால் இருப்பதால் ஓட்டும்போது எடுத்துக் குடிக்க முடியாது. அது கிடங்கு போல. கையிருப்பு தீர்ந்தால் இறங்கி நிரப்பிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, சீட்டுக்குப் பின்னால். பந்தயக்காரர்களில் சிலர் சீட்டின் கீழே கூடு வைத்து மாட்டுகிறார்கள். வழவழப்பான சாலையில் அது நடக்கும். குண்டும் குழியுமான சாலையில் பாட்டில் எகிறிப் போய்விடும். விழுந்தது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும்!

ஆறாவது, ஃபிரேமின் நடு. இதுதான் நல்ல இடம்.

ஹேண்டிலின் கீழிருந்து பெடல் வரை ஒரு குழாய் சரிந்து இறங்குகிறது அல்லவா? அதன் உட்பக்கம் முதல் இடம். சீட்டின் கீழிருந்து பெடலுக்கு நேரே இறங்கும் குழாயின் உட்பக்கம் இரண்டாவது இடம். இந்த இரண்டு இடத்திலும் பாட்டில் இருந்தால் எடை தாழ்வாக இருக்கும். நடுவில் இருக்கும். ஹேண்டிலைத் திருப்பினாலும் பாட்டில் திரும்பாது. பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் கிடைக்கும்.

சரிந்த குழாயின் அடிப்பக்கத்திலும் ஓர் இடம் உண்டு. ஆனால் முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறும் சாணமும் அங்கேதான் வந்து அப்பும். வாய் வைத்துக் குடிக்கும் பாட்டிலை அங்கே மாட்டக் கூடாது. சாவி, பஞ்சர் ஒட்டும் சாமான் போட்ட டப்பாவுக்கு அந்த இடம் போதும்.

கூடு என்றால் என்ன?

பாட்டிலைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்னக் கூடு வேண்டும். கடைக்காரர்கள் "பாட்டில் ஹோல்டர்" என்பார்கள். வளைத்த கம்பியிலோ பிளாஸ்டிக்கிலோ செய்திருப்பார்கள்.

புதிய மாதிரி சைக்கிள்கள் பலவற்றில் குழாயிலேயே இரண்டு திருகு ஓட்டைகள் இருக்கும். கூட்டை அங்கே வைத்து இரண்டு திருகு முடுக்கினால் வேலை முடிந்தது. உலகம் முழுவதும் பெரும்பாலும் இந்த இரண்டு ஓட்டைகளுக்கும் இடைவெளி 64 மில்லிமீட்டர். ஆகையால் எந்தக் கடையில் வாங்கினாலும் பொருந்தும்.

பழைய கனத்த சைக்கிளில் ஓட்டை இருக்காது. அதற்காக டிரில் போட்டு ஓட்டை போடாதீர்கள்! குழாய் பலம் இழக்கும். வட்டமான பட்டைக் கிளிப் இரண்டு வாங்கிக் குழாயோடு சேர்த்து முடுக்கலாம். கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவே பழைய டியூப் துண்டு ஒன்றை வைத்தால் வழுக்காது. பெயிண்டும் போகாது.

எளிய பிளாஸ்டிக் கூடு நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். அதுவும் முடியாதவர்கள் பழைய டியூபை நீளமாக நறுக்கிப் பாட்டிலைக் குழாயோடு இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டலாம். ரப்பர் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் குடிக்கும்போதெல்லாம் அவிழ்த்துக் கட்ட வேண்டும். அது ஒன்றுதான் தொல்லை.

பெண்கள் ஓட்டும் சைக்கிளில் மேல் பார் கிடையாது. நடுவில் இடம் குறைவு. அங்கே சிறிய பாட்டிலாகப் பார்த்து மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு ஏறி உட்கார்ந்து பெடலைச் சுற்றிப் பாருங்கள். முழங்காலோ பாவாடையோ துப்பட்டாவோ பாட்டிலில் தட்டக் கூடாது. தட்டினால் முன் கூடையில் கட்டுவதே மேல்.

பாட்டில் எப்படி இருக்க வேண்டும்?

கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. விழுந்தால் உடையும், உடைந்தால் வெட்டும்.

கடையில் விற்கும் மெல்லிய தண்ணீர் பாட்டில் ஒரு தடவை உபயோகத்துக்கு என்று செய்தது. அதையே மாதக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அது நசுங்கும். கூட்டிலிருந்து நழுவும். வெயிலில் கிடந்தால் கெடும்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாக்கெட்டுகளை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அரசாங்கம் தடை செய்தது. பாக்கெட்டைக் கடித்துக் குடித்துவிட்டுச் சாலையில் வீசும் பழக்கத்துக்கு அது முற்றுப்புள்ளி வைக்கத்தான். ஆகவே, வீட்டிலிருந்து நல்ல பாட்டிலில் கொண்டுபோவதே சரி.

நல்ல தடித்த பாட்டில் ஒன்று வாங்குங்கள். அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் மூடி இருந்தால் வசதி. எவர்சில்வர் பாட்டிலும் நல்லதுதான். ஆனால் கனம், கூட்டில் கடகடவென்று ஆடும். பழைய காலுறை ஒன்றை மாட்டினால் சத்தம் போடாது.

அந்தக் காலுறையையே நனைத்து மாட்டிப் பாருங்கள். காற்றுப் பட்டதும் ஈரம் ஆவியாகும். ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர் சில்லென்று இருக்கும். மண்பானை செய்வதும் இதைத்தான்!

பாட்டிலைத் தினமும் கழுவ வேண்டும். மூடியின் இடுக்கில்தான் பாசி பிடிக்கும். அங்கே தேய்த்துக் கழுவி, கவிழ்த்து உலர விட வேண்டும்.

பந்தயக்காரர் கற்ற பாடம்

இந்தப் பாடத்தை உலகமும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை.

பிரான்சு நாட்டைச் சுற்றி வரும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயம் 1903-ல் தொடங்கியது. அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் ஹேண்டிலுக்கு முன்னால்தான் தண்ணீர்க் குப்பியை மாட்டினார்கள். தக்கை அடைத்த உலோகக் குப்பிகள். பிற்பாடு குப்பி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கடைசியில் ஃபிரேமின் நடுவுக்கு வந்து சேர்ந்தது. இன்று பந்தய சைக்கிள் என்றால் ஃபிரேமுக்குள் இரண்டு பாட்டில் என்பதே வழக்கம்.

பந்தயம் இல்லாமல் நெடுந்தூரம் ஓட்டுவதிலும் ஒரு பழக்கம் உண்டு. முதலில் வருவதல்ல, குறித்த நேரத்துக்குள் முடிப்பதே அங்கே வெற்றி. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம். பாரிசிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டருக்கு 90 மணி நேரம். அந்தப் பாதையில் முதல் ஓட்டம் 1891-ல் நடந்தது. இந்தியாவிலும் இப்படி ஓட்டுகிறவர்கள் இப்போது ஏராளம்.

அவர்கள் காரிமங்கலத்துக்கு அந்நியர் அல்லர். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை காரிமங்கலம் வழியாகத்தான் போகிறது. காஷ்மீரிலிருந்து குமரி வரை சைக்கிளில் போகிறவர்கள் இந்தச் சாலையில் வருவதுண்டு. அவர்கள் சைக்கிளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபிரேமின் நடுவில்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் புறப்படுங்கள்

காரிமங்கலத்திலிருந்து தருமபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கலுக்குப் போக ஓர் இளைஞர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்.

வெயிலில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு இரண்டரை லிட்டரிலிருந்து மூன்றே முக்கால் லிட்டர். முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு மாட்டினால் கையில் ஒன்றரை லிட்டர்தான் இருக்கும். ஆகவே, தருமபுரியிலும் பென்னாகரத்திலும் நல்ல தண்ணீர் பார்த்து நிரப்பியே ஆக வேண்டும். பென்னாகரம் தாண்டினால் காடும் இறக்கமும். இறக்கத்தில் பாட்டிலைத் தொடவே கூடாது. இரண்டு கையும் பிரேக்கில்!

தாகம் தாங்க முடியாமல் போகும் வரை காத்திருக்கக் கூடாது. கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு மூன்று மடக்கு குடித்தால் போதும். ஒரே மூச்சில் ஒரு பாட்டிலைக் காலி செய்வதும் தவறு. வேர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரலாம்.

ஆகையால், இரண்டு பாட்டிலில் ஒன்று வெறும் தண்ணீர். மற்றொன்று உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். கணக்கு இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டி தலைதட்டி இருக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது. தேங்காய் விளையும் ஊரில் இளநீருக்கா பஞ்சம்? ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரே விதி. ஓட்டிக்கொண்டே குடிக்கக் கூடாது! சாலையை விட்டு ஓரமாக நிறுத்து. காலைத் தரையில் ஊன்று. பிறகு குடி.

தண்ணீரும் சைக்கிளும் பழைய சிநேகிதர்கள்

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். விளைபொருளை விற்கப் போகவும், பிள்ளையைக் கூட்டிப் போகவும், தண்ணீர் எடுத்து வரவும் அந்தச் சைக்கிள் கை கொடுத்தது. இடுப்பில் ஏறியிருந்த குடம் கேரியருக்கு மாறியது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2001-2002 கல்வி ஆண்டில், ஆதி திராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசாங்கம் இலவசமாகச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அந்தத் திட்டம் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. பஸ் போகாத கிராமத்துப் பெண்ணும் மேல் வகுப்புக்குப் போக வழி பிறந்தது.

கேரளத்தில் 2019-ல் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டிலும் 2025-ல் அந்த மணி வந்தது. மணி அடித்தால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு.

ஆனால் மணி அடிக்கும்போது பாட்டிலில் தண்ணீர் இருக்க வேண்டாமா? அது பத்திரமாகப் பள்ளிக்கு வந்து சேர வேண்டாமா?

ஐந்தாறு கிலோமீட்டர் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த பிள்ளை முதல் பாட வேளையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கணக்கு மண்டையில் ஏறவில்லை என்கிறார் வாத்தியார். மண்டைக்கு வேண்டியது கணக்கு அல்ல. இரண்டு மடக்குத் தண்ணீர்!

யார் என்ன செய்ய வேண்டும்?

அரசாங்கம் செய்ய வேண்டியது ஒன்று. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சைக்கிளிலும் ஃபிரேமின் நடுவில் ஒரு பாட்டில் கூடு இருக்க வேண்டும். மணி போல, பூட்டு போல அதுவும் சைக்கிளின் உறுப்பாக வேண்டும். லட்சக்கணக்கில் சைக்கிள் வாங்கும்போது ஒரு கூட்டின் விலை பெரிய பாரம் ஆகாது.

சைக்கிள் கம்பெனிகள் செய்ய வேண்டியது ஒன்று. சாதாரண சைக்கிளிலும் அந்த இரண்டு திருகு ஓட்டைகளை வைத்தே தர வேண்டும். பந்தய சைக்கிள் வாங்கும் பணக்காரருக்கு உள்ள வசதி, பள்ளிக்குப் போகும் ஏழைப் பெண்ணுக்கும் வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியதும் ஒன்று. அரசாங்கம் தரும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளையின் சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். "அண்ணே, ஒரு பாட்டில் ஹோல்டர் மாட்டிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை.

பிறகு, ஹேண்டிலில் தொங்கும் அந்தத் துணிப் பையைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் சந்தை கூடும். ஆடு குறுக்கே ஓடத்தான் செய்யும். சிறுமி ஹேண்டிலைச் சட்டென்று திருப்பத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்குச் சக்கரம் நிற்காது. பாட்டில் அதன் இடத்தில் அசையாமல் இருக்கும். அம்மா நிரப்பிக் கொடுத்த தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்!